பாட்டுக்காக வந்தவர்கள்

1963 ஏப்ரலில் வெளிவந்த, காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' படத்தில், வேற்றுக் கோளினர் பானுமதியைக் கவர்ந்து செல்கின்றனர். தம் மக்களுக்கு இசை கற்பிக்க! மீட்கச் செல்பவர் எம்.ஜி.ஆர்.

சண்டை மிகுதி, விஞ்ஞானம் குறைவு என்பார் உளர். சிறுவனாய்ச் செங்கற்பட்டில் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்து வாய்பிளந்து பார்த்த நானே, ஆசிரியரானபின் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். கோள் கடந்து வருவோர் பாட்டுக்காகவா வருவர் என்று வகுப்பில் நகைத்தேன். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரின் மகன் எழுந்து, "வேறெதற்கு ஐயா வரவேண்டும்?" என்றான். அவனை உட்காரச் சொன்னேன்.

1977இல் அமெரிக்கர் ஏவிய வாயேஜர் கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு உண்டு. நம் கேசர்பாய் கேர்க்கரின் பாடலும் அதில் இருக்கிறது. இதனைப் பின்னரே படித்தறிந்தேன். அவனிடம் சொல்லத்தான் வாய்க்கவில்லை.