பந்து தொலையாத கடினம்

கட்டணம் குறைந்த உள்ளூர் கோல்ஃப் திடல்களில் ஆளைத் திணறடிக்கும் குழிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். "கோல்ஃபா? அது துரைமாருக்கும் டத்தோமாருக்கும் உள்ளதாச்சே" என்று வானொலியை மூடப் போகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். இந்த ஆட்டத்தில் நம்மவர்கள் பை தூக்கியிருக்கிறார்கள், புல் வெட்டியிருக்கிறார்கள், கால்வாயில் இறங்கிப் பந்து பொறுக்கி விற்றிருக்கிறார்கள். எம். ராமையா, பி. குணசேகரன் போன்றவர்கள் நாடறிந்த தொழில்முறை ஆட்டக்காரர்களாகவே விளங்கினார்கள். அந்நிய ஆட்டம் என்று தள்ளிவிட நமக்கு நியாயமில்லை.

நம் திடல்கள் எப்படிப்பட்ட நிலத்தில் அமைகின்றன என்பதற்கு நெகிரி செம்பிலானைப் பாருங்கள். பாரோயில் விளையாட்டரங்கத்தைத் தாண்டிக் கோலப்பிலா சாலையில் போனால் சமதரை கொஞ்ச நேரம்தான். புக்கிட் புத்துஸ் ஏற்றம், உலு பெண்டுல் காடு, அந்தப் பக்கம் இறங்கினால் வயலும் பள்ளத்தாக்குமாக ஸ்ரீ மெனாந்தி. அரச குடும்பத்தின் ஊரான அங்கேயும் ஒரு சிறிய கோல்ஃப் திடல் இருக்கிறது. சிரம்பானுக்கு மறுபக்கம் மந்தினில் 27 குழிகளோடு ஸ்டாஃபீல்ட் இருக்கிறது. அந்தப் பெயரே ஒரு தோட்டத்தின் பெயர். தோட்டம் போய்த் திடலும் வீடமைப்பும் வந்த கதையில் லயத்து மக்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி தனியாக ஓர் உரைக்கு உரியது. அதை மறந்துவிட்டு இதைப் பேசவில்லை என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

சரி, ஒரு குழி கடினமானது என்றால் என்ன பொருள்? நம்மிடம் இரண்டு விதமாக அது வசூல் செய்கிறது. ஒன்று அடி: நான்கில் முடிக்க வேண்டியது ஏழாகிறது. மற்றது பந்து. வசதிக்காரர் இரண்டாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓய்வூதியத்தில் ஆடுகிறவர், பள்ளி விடுமுறையில் அண்ணன் தந்த பழைய மட்டைகளோடு வருகிற பையன், தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து ஒன்பது குழி ஆட வருகிறவர், இவர்களுக்கு நல்ல பந்து ஒன்று தண்ணீரில் விழுந்தால் அன்றைய சாப்பாட்டுக் காசு விழுந்த மாதிரி. ஆகவே என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவான திடலில் சிறந்த கடினக் குழி எதுவென்றால், அடியைப் பறித்துக்கொண்டு பந்தைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உலகப் புகழ்பெற்ற சில குழிகள் தோற்றுப்போகும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சாகிராஸ் திடலில் 17ஆவது குழியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தூரம் 137 கெஜம்தான். சுற்றிலும் தண்ணீர், நடுவில் தீவு போலக் கிரீன், அதாவது குழியும் கொடியும் உள்ள புல்தளம். பீட் டை அமைத்தது. தீவாகவே விட்டுவிடலாம் என்ற யோசனை அவர் மனைவி ஆலிஸ் டை தந்தது. ஆண்டுதோறும் அந்தக் குளத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை எடுப்பதாகச் சொல்வார்கள். பார்க்க அருமை. ஆனால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடி சேர்ந்தால் சேர்ந்தது, இல்லையேல் முழுகியது. வலுவில்லாதவருக்கு வேறு வழியே கிடையாது. நம் நாட்டில் கோல்ஃப் திடல்கள் பெருகிய காலத்தில் இந்தத் தண்ணீர் மோகம் இங்கேயும் வந்தது. ஈய லம்பம் விட்டுப்போன குளங்கள் தயாராக இருந்தன. ஸ்ரீ கெம்பாங்கானில் மைன்ஸ் திடல் அப்படிப் பழைய ஈயச் சுரங்கத்தில் எழுந்ததுதான். 1999இல் அங்கே நடந்த உலகக் கோப்பையை டைகர் உட்ஸும் மார்க் ஓமீராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். அவர்களுக்கு அந்த நீர் ஒரு காட்சி. நமக்கு அது கட்டணம்.

அதே ஈயம் தோண்டிய இன்னொரு பள்ளத்தில் நேர்மாறான திடல் இருக்கிறது. ஃபிரேசர்ஸ் ஹில்லில் உள்ள ஒன்பது குழித் திடல் பழைய சுரங்கத் தரையில் போட்டது. யாரும் போய் ஆடக்கூடிய பொதுத் திடல். மேடும் மூடுபனியும் அங்கே போதுமான தொல்லை கொடுக்கின்றன. தண்ணீரை ஏவிவிடத் தேவையில்லை.

இனி எதிர்ப்பக்கத்து உதாரணம். ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலின் 17ஆவது குழி, 'ரோடு ஹோல்'. வெளியூர்க்காரருக்கு இன்று அந்தத் திடல் மலிவே இல்லை. ஆனால் நிலம் பொதுநிலம், ஊர்மக்களுக்கு ஆண்டுச் சீட்டு உண்டு, வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, சனங்கள் நாயோடு நடந்து போகலாம். பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது, என்று அட்டை சொல்லும் அந்தக் குழியை 2010 பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்காக 495 கெஜத்துக்கு நீட்டினார்கள். கிரீனுக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு சின்ன, ஆழமான பங்கர், அதாவது மணற்பள்ளம். பின்னால் சாலை, அதற்கும் பின்னால் மதில். 1978 போட்டியில் ஜப்பானின் டாமி நாகஜிமா இரண்டாவது அடியிலேயே கிரீனுக்கு வந்துவிட்டார். பந்தைக் குழிக்கு உருட்டும் புட் அடித்தார். பந்து சரிவில் வழுக்கிப் பங்கருக்குள் உருண்டது. மணலிலிருந்து வெளியே வரப் போராடி, குழியை ஒன்பதில் முடித்தார். பந்து? அவர் கையிலேயே இருந்தது. வெற்றி போனதே தவிர வேறொன்றும் போகவில்லை. அந்தக் குழியில் வலு குறைந்தவருக்கும் வழி இருக்கிறது. இடப்பக்கமாக அடித்து, மூன்றாவது அடியில் பங்கரைத் தவிர்த்து வந்து, ஐந்தில் முடித்துக்கொண்டு சிரித்தபடி போகலாம்.

நம்மூர்த் திடல்களில் இதற்கு இணையாக நான் வைப்பது, மேட்டை நோக்கிப் போகும் பார் 4. ஆடம்பரமே இல்லாத குழி இது. தீவு இல்லை, அருவி இல்லை, படம் பிடிக்க எதுவும் இல்லை. நானூறு கெஜத்தை ஒட்டிய தூரம், கிரீன் தலைக்குமேல், கொடியின் உச்சி மட்டும் தெரியும். இது ஏன் வதைக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. திடல்களின் கடினத்தை அளக்கிறவர்கள் நம்மைப் போன்ற சராசரி ஆணுக்கு ஓர் உருவம் வகுத்திருக்கிறார்கள்: முதல் அடி 200 கெஜம் போகும், இரண்டு அடியில் 370 கெஜம் எட்டுவார். தேர்ந்தவருக்கோ 250, இரண்டு அடியில் 470. அப்படியானால் நானூறு கெஜ மேட்டுக் குழி தேர்ந்தவருக்குச் சாதாரணம், நமக்குக் கைக்கு எட்டாதது. எட்டாதது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராது என்பதில்தான் அந்தக் குழியின் சூழ்ச்சி இருக்கிறது. இரண்டாவது அடிக்குப் பெரிய கட்டையை உருவி, முழுப் பலத்தையும் போட்டு, பந்தைப் பக்கவாட்டுப் புதருக்கு அனுப்புவோம். மூன்று அடியில் சேர வேண்டிய இடம் என்று ஏற்றுக்கொண்டவர் ஐந்தில் முடிப்பார். மற்றவருக்கு எட்டு.

இதில் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தால் பந்து விழுந்த இடத்திலேயே புதையும். உருளுவதில் கிடைக்கும் இருபது முப்பது கெஜம் போய்விடும். நம் திடல்களில் பரவலாக உள்ள அகன்ற இலைப் புல், கௌ கிராஸ் என்கிறோமே, அது ஈரமாகிவிட்டால் மட்டைக்கும் பந்துக்கும் நடுவே புகுந்து, அடியைச் செத்த அடியாக்கும். காலையில் நானூறாக இருந்த குழி மாலையில் நானூற்றைம்பது. அட்டையில் மட்டும் எண் மாறாது. இடி முழங்கினால் அதற்குப் பிறகு கணக்கெல்லாம் வேண்டாம், கொட்டகைக்கு ஓடிவிடுங்கள்.

ஓரத்து மரங்களைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். ரப்பர் ஓரமும் செம்பனை ஓரமும் ஒன்றல்ல. ரப்பர் மரம் நேர்வரிசையில் நிற்கும். அடிமரம் மொட்டை, கிளை உயரத்தில். பால் வெட்ட ஆள் நடமாட வேண்டும் என்பதால் கீழே புதர் சுத்தமாக இருக்கும். பந்து உள்ளே போனாலும் கண்ணுக்குப் படும். வரிசைக்கு நடுவே தாழ்வாக ஓர் அடி அடித்து வெளியே வரலாம். குறி தவறினால் மரத்தில் பட்டுத் திரும்பி வந்து நம்மையே விசாரிக்கும். அங்கே ஆட்டம் இருக்கிறது, தந்திரம் இருக்கிறது. செம்பனையோ முள் மட்டையைக் கீழே தொங்கவிடும். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு வரிசை குவித்து வைத்திருப்பார்கள். பந்து அதற்குள் போனால் போனதுதான். கையை விட்டுத் துழாவ யாருக்குத் துணிவு வரும்? பாம்பு படுத்திருக்கும். 2019இல் விதி மாறி, தேடுவதற்கு ஐந்து நிமிடம் இருந்ததை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். செம்பனை ஓரத்தில் மூன்று நிமிடமே அதிகம். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்ட இடங்களில், பக்கத்துத் திடலின் குழியை யாரும் தொடாமலே அதன் குணம் கெட்டிருக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் "முன்ன மாதிரி இல்லப்பா" என்று அலுத்துக்கொள்வது வெறும் வயதுப் புலம்பல் இல்லை.

ஊட்டியிலும் இப்படி ஒரு செடி உண்டு. அங்கே ஜிம்கானா திடலில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கார்ஸ் என்ற முட்செடி மஞ்சள் பூவோடு அழகாக நிற்கும். பந்து உள்ளே கிடப்பது தெரியும், எடுக்க முடியாது. தொலைந்ததைவிட அது கொடுமை.

கிரீன் பக்கம் வருவோம். பெரிய போட்டிகளில் கிரீன் கண்ணாடி போல வழுக்கும். வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்சன் 1935இல் செய்த ஒரு சரிவுச் சட்டம் இருக்கிறது. அதிலிருந்து உருட்டிவிட்ட பந்து எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். போட்டித் திடல்களில் பன்னிரண்டு அடிக்குக்கூடப் போகும். சிறிய திடலில் அத்தனை நெருக்கமாகப் புல் வெட்டினால் வெயிலில் கருகிவிடும், மருந்துக்கும் தண்ணீருக்கும் ஆளுக்கும் காசு வேண்டும். அதனால் நம் கிரீன்கள் மந்தம். மந்தமான கிரீன் சுலபம் என்று நினைப்பது தவறு. அளவில் சின்னது, நடு மேடாகி நாலு பக்கமும் சரிவது, புல் ஒரு பக்கமாகப் படுத்து வளர்ந்து பந்தை இழுப்பது, இவை சேர்ந்தால் 130 கெஜத்து பார் 3 கூட மூன்றில் முடியாது. வேகமான கிரீனில் பயம், இங்கே சந்தேகம். பங்கர் ஒன்றுகூட இல்லாமல், உயர்த்திக் கட்டிய சின்னக் கிரீனை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டக்காரரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அலையவிடும் குழி எந்தத் திடலில் இருந்தாலும் அதற்கு நான் முதல் மதிப்பெண் தருவேன். அமைக்கச் செலவில்லை, பராமரிக்கச் செலவில்லை, பந்தும் போகாது.

அட்டையில் குழிகளுக்கு ஒன்று முதல் பதினெட்டு வரை 'இண்டெக்ஸ்' எண் போட்டிருப்பார்கள். எண் ஒன்றுதான் திடலின் ஆகக் கடினமான குழி என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. வலுவானவரும் எளியவரும் மோதும்போது எளியவருக்கு எங்கே ஓர் அடி சலுகை முதலில் தேவைப்படும் என்று காட்டுவதுதான் அந்த எண்ணின் வேலை. எல்லோரையும் சமமாக முழுக வைக்கும் தண்ணீர்க் குழிக்கு அதனால் பின்வரிசை எண் கிடைக்கலாம்; அந்த நானூறு கெஜ மேட்டுக் குழி முன்னால் நிற்கும். ஒன்பது குழித் திடலில் அதே குழியை மறுபடி ஆடுவதால் அதற்கு இரண்டு எண் உண்டு. முதல் சுற்றில் தோற்ற குழியை இரண்டாம் சுற்றில் பழிவாங்கலாம் என்பது சிறு திடலுக்கே உள்ள சுகம். பதினெட்டு குழிக்காரர் அதற்கு மறுநாள் கட்டணம் கட்ட வேண்டும்.

கடைசியாக, மன்றங்களின் செயற்குழுவில் இருப்பவர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. பந்து தொலைந்தால் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் ஓர் அடித் தண்டனையோடு மறுபடி அடிக்க வேண்டும் என்பது பொது விதி. செம்பனை ஓரக் குழிகளில் இது பின்னால் வருகிற மூன்று கூட்டத்தையும் நிறுத்திவிடும். 2019 முதல், மன்றம் விரும்பினால் தன் உள்ளூர் விதியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பந்து தொலைந்ததாகக் கருதும் இடத்துக்கு நேராக, கொடிக்குக் கிட்டே போகாமல், ஃபேர்வே எனும் வெட்டிய புல்தடத்தின் ஓரத்தில் வேறு பந்தைப் போட்டு, இரண்டு அடித் தண்டனையோடு தொடரலாம். பெரிய போட்டிகளுக்கு இது பொருந்தாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும். தண்ணீரைத் தாண்டியே தீர வேண்டிய குழியிலும் எதிர்க்கரையில் பந்து போட ஓர் இடத்தைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டால், ஒரு பந்து போனவர் இரண்டாவதையும் குளத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அட்டையின் பின்பக்கத்தில் நாலு வரி, புல்லில் கொஞ்சம் வெள்ளைச் சாயம், செலவு அவ்வளவுதான்.