மார்க் ஷீட்டில் வராத பாடம்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் மூச்சுக்கு மூச்சு ‘மார்க், மார்க்’ என்றார். அவருக்கு ஒன்று கேட்கிறேன். சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் பார்த்திருப்பீர்களே? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேமித்த கட்டடம். (ஐஸ் கரைந்துவிட்டது, பெயர் கரையவில்லை!) அங்கேதான் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்குச் சாரதா இல்லம் நடத்தினார். அவரும் பால்ய விதவைதான்; 1911-இல் பி.ஏ. தேறியவர். எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் அங்கே ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்து, டீச்சராக வெளியே வந்தார்கள். அவர் தொடங்கிய சாரதா வித்யாலயா தி.நகரில் இன்றும் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறது. கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்கலாம் ஐயா. ‘வாடி, என் பக்கத்தில் உட்காரு’ என்றாளே ஒருத்தி, அவளுக்கு எத்தனை மார்க்? எதிரணி சொல்லட்டும்!