லினக்ஸ் போட்டால் பிள்ளைகள் விளையாட முடியுமா?

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



படிப்புக்குப் பரிசு கொடுக்கும் மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. அன்று முதல் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "காசில்லாம லினக்ஸ் போடலாமாமே, போட்டா பையன் கேம் விளையாட முடியுமா?"

இந்தக் கேள்விக்கு 2014-இல் நான் தவறான பதில் சொன்னேன், அதுவும் என் சொந்த மகனுக்கு. அவன் அப்போது படிவம் ஒன்று. லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது, உலகத்துப் பெரிய கணினிகளெல்லாம் அதில்தான் ஓடுகின்றன என்று பெருமையாகச் சொல்லி, அவன் கணினியில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு அதைப் போட்டேன். மறுநாள் வந்து நின்றான். "அப்பா, ஃபிஃபா ஓடலப்பா. கூட்டாளிங்க எல்லாம் கூப்பிடுறாங்க." நானும் ஒரு வாரம் முயன்றேன். ஓடவில்லை. மாலை நேரங்களில் அவன் கூட்டாளி வீட்டில் பின்னால் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏன் ஓடவில்லை? பெரியவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தக் காலத்தில் துரை ஆங்கிலத்தில் பேசுவார். பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தமிழ்தான் தெரியும். நடுவில் கிராணி நின்று இவர் சொன்னதை அவருக்குச் சொல்லுவார், வேலை நடக்கும். விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு, விண்டோஸ் பாஷைதான் பேசும். லினக்ஸுக்கு அது விளங்காது. நடுவில் ஒரு கிராணி வேண்டும்.

அப்படி ஒரு கிராணியை 1993-லேயே உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஒயின். (தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம், இது குடிக்கிற ஒயின் இல்லை!) ஆனால் புது விளையாட்டு என்றால் அந்தக் கிராணி தடுமாறுவார். வெட்டு என்றால் கட்டு என்பார். என் மகன் மாட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

பிறகு நடந்தது ஒரு வியாபாரக் கதை. அமெரிக்காவில் வால்வு என்றொரு நிறுவனம், ஸ்டீம் என்ற பெயரில் இணையத்தில் விளையாட்டு விற்கும் கடை வைத்திருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கடையை அதற்குள்ளேயே திறந்தது. வாடகைக் கடையில் வியாபாரம் பண்ணுகிறவன் பக்கத்தில் வீட்டுக்காரரே கடை போட்டால் எப்படி இருக்கும்? வால்வின் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகவே கண்டித்தார். லினக்ஸ் பக்கம் திரும்பினார். தருமத்துக்காக அல்ல, தன் கடையைக் காப்பாற்றத்தான்.

முதல் முயற்சி தோற்றது. 2015-இல் வந்த ஸ்டீம் மெஷின் பெட்டிகளுக்கு விளையாட்டும் குறைவு, வாங்கியவர்களும் குறைவு. ஆள் இல்லாத ஊருக்குப் பஸ் விடமாட்டான், பஸ் இல்லாத ஊருக்கு ஆள் குடிவரமாட்டான் என்ற கதைதான். அதன்பின் விளையாட்டு எழுதுபவர்களைக் கெஞ்சுவதை விட்டுவிட்டு, கிராணியைத் திருத்துவதில் பணம் போட்டார்கள். ஒயினை அடிப்படையாகக் கொண்டு 2018 ஆகஸ்டில் புரோட்டான் வந்தது. 2022 பிப்ரவரியில் கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் வந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ். வாங்கிய பலருக்கு அது தெரியவும் தெரியாது. தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்று ஓடுகின்றன. 2025 அக்டோபரில் ஸ்டீம் எடுத்த கணக்கில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. நூற்றுக்கு மூன்று. சிறிதுதான், ஆனால் நான் முப்பது ஆண்டுகளாகப் பார்க்காத எண்.

அப்படியானால் என்ன தடை? காவல்காரர்தான். பலர் கூடி இணையத்தில் மோதும் போட்டிகளில் கள்ள ஆட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க ஒரு காவல் மென்பொருள் வைப்பார்கள். சில நிறுவனங்களின் காவல்காரர் வாசலில் நிற்பதில்லை, கணினியின் உள்ளறை வரை வந்து உட்காருகிறார். லினக்ஸில் அந்த உள்ளறையை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம். அதுவே அதன் பெருமை, அதனாலேயே காவல்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. ஃபோர்ட்நைட், வலோரன்ட் இரண்டும் லினக்ஸில் ஓடுவதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸையும் 2024 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். கிராணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. விளையாட்டை நடத்துகிற நிறுவனம் மனம் வைக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று பேருக்காக அவர்கள் அவசரப்பட மாட்டார்கள் என்பது என் கணிப்பு. பத்துப் பேர் ஆனால் பேச்சு மாறலாம்.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் பெற்றோரே, லினக்ஸ் போடுங்கள், ஆனால் நான் செய்தது போல் முதலிலேயே விண்டோஸை அழிக்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ எதை ஆடுற, உன் கூட்டாளிங்க எதை ஆடுறாங்க?" என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புரோட்டான்டிபி என்ற இணையத்தளத்தில் அந்தப் பெயர்களைத் தேடினால், ஓடுமா ஓடாதா என்று ஆடியவர்களே எழுதியிருப்பார்கள். ஒரு யுஎஸ்பி குச்சியில் லினக்ஸை ஏற்றி, பழையதைத் தொடாமலே போட்டுப் பார்க்கலாம். பாடமும் தட்டச்சும் அதில் தாராளமாக நடக்கும்.

என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். போன தீபாவளிக்கு வந்தவன், தன் கணினியில் தானே லினக்ஸ் போட்டிருப்பதைக் காட்டினான். நல்ல நல்ல விளையாட்டெல்லாம் ஓடுகிறது. காற்பந்து மட்டும் இல்லை. 2022-இல் வந்த ஃபிஃபா 23-லேயே அந்தக் காவல்காரர் ஏறிவிட்டார். "அது இன்னும் ஓடலப்பா" என்று சொல்லிச் சிரித்தான்.