சிறுநீரக நோயாளியும் மணிச்சத்தும்



கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லோ திராட்சையோ பயிர் செய்கிற உங்களுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. டி.ஏ.பி. மூட்டையில் உள்ள அந்த மணிச்சத்து, பாஸ்பேட்டாக நம் சாப்பாட்டிலும் இருக்கிறது. "அப்போ வயலுக்கு உரம் போட்டதாலதான் இந்த வியாதியா?" என்று சின்னமனூர்ப் பக்கம் ஒருவர் கேட்டார். அப்படியில்லை. எலும்புக்கும் பல்லுக்கும் பாஸ்பேட் அவசியம். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குத்தான் தொல்லை.

அவர்களுக்குப் பாஸ்பேட் இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியுமல்லவா? அதுபோல, பாஸ்பேட்டும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இரத்தக்குழாய்ச் சுவரில் படிகின்றன. ஆனால் குழாய் உயிருள்ளது. பாஸ்பேட் மிகுந்தால் சுவரில் உள்ள தசை அணுக்களே குணம் மாறி, எலும்பை உண்டாக்கும் அணுக்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன. ரப்பரைப் போல நெகிழ வேண்டிய குழாய் விறைத்துப்போகிறது; இருதயத்துக்குப் பாரம் கூடுகிறது. பெரும்பாலும் வலி தெரியாமலே இது நடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நல்ல உடம்பில் 100 மில்லி இரத்தத்தில் பாஸ்பேட் அளவு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். இவருக்கு 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. "மாத்திரை தவறாம போடுறாரு சார்" என்றார் மனைவி. விசாரித்தால், எல்லா மாத்திரையையும் சேர்த்துப் படுக்கப் போகும்போது விழுங்குகிறார்! அந்த மாத்திரை, வயிற்றிலும் குடலிலும் சோற்றோடு கலந்து, பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுவது. சாப்பிட்டதெல்லாம் இரத்தத்தில் ஏறிய பிறகு அது எதைப் பிடிக்கும்? இப்போது அந்த அம்மா தட்டு வைக்கும்போதே மாத்திரையையும் எடுத்து வைக்கிறார்.

கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட் ஆகியவை சுண்ணாம்புச் சத்துள்ள மாத்திரைகள். செவலமர், லாந்தனம் அது இல்லாதவை. குழாயில் ஏற்கெனவே படிவு இருந்தால் மருத்துவர் பின்னதைத் தரக்கூடும். நீங்களாக மாற்ற வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடவும் வேண்டாம். டயாலிசிஸ் ஓரளவு பாஸ்பேட்டை எடுத்துவிடும், முழுவதையும் எடுக்காது. படிந்துவிட்டதைக் கரைத்து எடுக்கிற நிச்சயமான மருந்து இன்றுவரை இல்லை. மேலும் படியாமல் பார்ப்பதே வைத்தியம். "அடைப்பைக் கரைக்கும்" என்று யாராவது லேகியம் விற்றால் காசைத் தொலைக்காதீர்கள்.

சாப்பாட்டில் முதலில் நிறுத்த வேண்டியது கோலா பானம், பதப்படுத்திப் பொட்டலத்தில் வரும் இறைச்சி வகைகள். இவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் உடம்பில் ஏறும். பருப்பு, பயறில் உள்ளது அவ்வளவு ஏறாது. ஆகவே பருப்பே கூடாது என்று பயந்து, டயாலிசிஸ் செய்கிறவரைப் பட்டினி போடாதீர்கள். அவருக்குப் புரதம் தேவை. முட்டையின் வெள்ளைக்கருவில் பாஸ்பேட் குறைவு. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு வேண்டாம். இறைச்சியை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள்.

டயாலிசிஸ் நாளில் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள், அந்த வேளை மாத்திரையையும் சோற்றுப் பொட்டலத்தோடு சேர்த்தே முடிந்து கொடுத்தனுப்புங்கள்.