பிளக் மாற்றும் பருவம்



கல்குடாவிலிருந்து வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தை நோக்கி விடியற்காலை நான்கு மணியளவில் புறப்படும் மோட்டார் சைக்கிள்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பின்புறத்தில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் உடைத்த ஐஸ். துறையில் மீனை வாங்கி, வெயில் ஏறுமுன் கிரான், சந்திவெளி, வாகனேரி என உள்ளூர்களுக்குக் கொண்டுசென்று விற்கும் வியாபாரிகளின் வாகனங்கள் அவை. அவ்வியாபாரிகளுள் ஒருவர் என் மைத்துனர். ஒரு மாரிகாலத்துக் காலைவேளை, புனானைக்குச் செல்லும் பாதையில், ஆளரவமற்ற ஓரிடத்தில் அவருடைய வண்டி நின்றுபோயிற்று. 1924ஆம் ஆண்டில் ஆட்கொல்லிச் சிறுத்தையொன்று சுட்டு வீழ்த்தப்பட்டதனாற் பெயர்பெற்ற காட்டுப்பகுதி அது. இன்று அங்கே சிறுத்தையைவிட யானைக்கே மக்கள் அஞ்சுவர். கால் ஓயுமட்டும் உதைத்துப் பார்த்தார். பின்னர் தள்ளிக்கொண்டே நடந்தார். திருத்துமிடத்தை அடைந்தபோது ஐஸ் நீராகியிருந்தது. கடனாகப் பெற்ற அன்றைய முதல் முழுவதும் மீனோடு போயிற்று.

திருத்துபவர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, “மகன், இதைக் கடைசியாக எப்போது கழற்றினீர்?” என்று கேட்டார். மைத்துனருக்கு விடை தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கும். புதுப் பிளக்கின் விலை அவர் பெட்டியிலிருந்த பாரை மீன் ஒன்றின் விலைகூட ஆகாது.

பிளக்கை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும் என்று என்னைக் கேட்போருக்கு நான் இந்த நிகழ்ச்சியையே முதலிற் சொல்வது வழக்கம். கணக்கு அதன் பின்னர்தான்.

பிளக் செய்யும் வேலை யாது? சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உரிய கணத்தில் ஒரு மின்பொறியினாற் கொளுத்துவதே. நடுவில் ஒரு மின்வாய். அதற்கெதிரே வளைந்த மற்றொரு மின்வாய். இரண்டிற்குமிடையே ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த இடைவெளி. பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் மின்சாரம் அவ்விடைவெளியைத் தாண்டும்போது பொறி எழுகிறது. 1860இல் லெனுவார் என்னும் அறிஞர் தம் வாயு இயந்திரத்தில் மின்பொறியைப் பயன்படுத்தினார். 1902இல் பொஷ் நிறுவனத்து ஹொனோல்ட் என்பார் உயரழுத்த மக்னீற்றோவையும் பிளக்கையும் இணைத்து உருவாக்கிய பின்னரே அது நம்பத்தக்க கருவியாயிற்று.

ஒரு நால்வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்றுச் சுழல்கிறதென வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கலவை எரிய வேண்டும். எனவே நிமிடத்திற்கு 2,500 முறை, மணிக்கு ஒன்றரை இலட்சம் முறை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 12,000 கிலோமீற்றர் ஓட 300 மணிநேரம் செல்லும். அதற்குள் அச்சிறு மின்வாய் நாலரைக் கோடிப் பொறிகளை ஈன்றுவிடுகிறது. பல சிறு வண்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி எழுமாதலின், இத்தொகை அவற்றில் இரட்டிக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் அணுவளவைத் தின்கிறது. கூரிய விளிம்பு மழுங்குகிறது, இடைவெளி அகல்கிறது. அகன்ற இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குக் கூடிய அழுத்தம் வேண்டும்; அச்சுமை மின்சுருளின் தலையில் விழுகிறது. காலையில் வண்டி எழும்ப மறுப்பதும், பெற்றோல் கூடுதலாகச் செலவாவதும் இதனாலேயே.

நிக்கல் மின்வாய் கொண்ட சாதாரண பிளக்குகளை 8,000 முதல் 12,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றும்படி சிறிய வண்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் கூறும். இரிடியம் பிளக்குகளும் உள. நிக்கல் 1,455 பாகை வெப்பத்தில் உருகும். இரிடியமோ 2,400 பாகைக்கு மேலேதான் உருகும். ஆதலின் அதன் முனையை ஊசிபோல் மெல்லியதாகச் செய்யலாம். ஆயினும், என் கருத்தில், மீன்பெட்டி கட்டிய வண்டிக்கு அது ஆடம்பரமே. பஜாஜ் பல்சர் வைத்திருப்போர் மற்றொன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்வகை வண்டிகள் பலவற்றிற் சிலிண்டர் ஒன்றேயாயினும் பிளக் இரண்டு, சிலவற்றில் மூன்று. கைக்கெட்டும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதை மறந்துபோவாரைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி, கிலோமீற்றர்க் கணக்கு மாத்திரம் போதுமா? போதாது என்பதே என் துணிபு. கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 35 கிலோமீற்றர். நாள்தோறும் அங்கு உத்தியோகத்திற்குச் சென்று மீள்பவர் ஆறு மாதத்திற்குள் 12,000 கிலோமீற்றரைக் கடந்துவிடுவார். ஆனால் அவருடைய பிளக் நன்கு சூடேறி ஓடுகிறது. ஏறக்குறைய 450 பாகைக்கு மேற் சூடேறிய பிளக் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். பக்கத்துச் சந்தைக்கும் பாடசாலைக்கும் மட்டும் வண்டியை எடுப்பவரோ ஆண்டு முழுவதும் 2,000 கிலோமீற்றர் ஓடுவதே அரிது. அவர் பிளக் அந்தச் சூட்டை எட்டுவதேயில்லை. கரி படிந்து, தேயாமலே கெட்டுவிடுகிறது.

அன்றியும், நம் கரையின் உப்புக் காற்று ஒன்றிருக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாழைச்சேனை வாவி. பிளக்கின் இரும்புடல் கறள் பிடித்து அலுமினியத் தலையோடு ஒட்டிக்கொண்டால், பல ஆண்டுகள் கழித்துக் கழற்றும்போது புரியும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். அப்போது செலவு பன்மடங்காகும். எனவே கல்குடாவில் வாழ்பவர் எவ்வளவு குறைவாக ஓடினாலும், மாரி தொடங்குமுன் ஒருமுறையேனும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் நன்று. வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கானையும், வயரின் நுனியிலுள்ள மூடியின் உட்புறத்தையும் உலர்ந்த துணியினாற் துடைத்துவிடுக. உப்பும் ஈரமும் படிந்த பீங்கானின் மேலாக மின்சாரம் வழுகி ஓடிவிடுமாயின், உள்ளே பொறி எழாது.

கழற்றிய பிளக் வைத்தியனுக்கு நாக்கைக் காட்டும் நோயாளியைப் போன்றது. இளங்கபிலமாயிருந்தால் எஞ்சின் நலமாயிருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய் பிசுபிசுத்தால் உள்ளே வளையங்களோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம்; புதுப் பிளக் போட்டாலும் நோய் தீராது. வெண்மையாகி, நுனி கொப்பளித்திருந்தால் மிகைச் சூடு. இதில் ஒரு சிறு திருத்தம். 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பின்னர் நிறம் முன்னிலும் வெளிறியே காணப்படும். பழைய திருத்துநர் சிலர் அதனைக் கண்டு வீணே கலங்குவதுண்டு.

எரிபொருள் மாறினால் பிளக்கின் ஆயுளும் மாறும் என்பதை யாழ்ப்பாணத்து மக்கள் அனுபவத்தில் அறிந்தார்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாத ஆண்டுகளில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. முழுமையாக எரியாமற் கரியை விட்டுச்செல்லும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது அக்காலத்தில் வீட்டு வேலைகளுள் ஒன்றாகிவிட்டது. பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, தேய்ந்த பிளக் குடித்த ஒவ்வொரு துளியும் வியாபாரியின் பயணத்திலிருந்தே கழிந்தது.

மாற்றும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கழற்றுமுன் சுற்றிலுமுள்ள மணலை ஊதி அகற்றுக. நம்மூர் மணல் சிலிண்டருக்குள் விழுந்தால் பிளக்கை மாற்றிய பயன் அத்தோடு போயிற்று. கையேடு கூறும் இலக்கமுடைய பிளக்கையே வாங்குக. பெயர்பெற்ற பிளக்குகளுக்குப் போலிகளும் உண்டாதலின், அறிந்த கடையில் வாங்குவது நலம். இடைவெளியை அளவுத் தகட்டினாற் பார்க்க. பழைய சிறு ஹொண்டாக்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். முதலிற் கையாலேயே திருகுக. கை நின்ற இடத்திலிருந்து, புதுப் பிளக்காயின், சாவியால் ஏறக்குறைய அரைச் சுற்றுப் போதும்.

என் மைத்துனர் இப்போது இருக்கையின் கீழே எண்ணெய்த் தாளிற் சுற்றிய பிளக் ஒன்றையும் அதற்குரிய சாவியையும் வைத்திருக்கிறார். சென்ற மாதம் வாகனேரிப் பக்கம் வண்டி நின்று தவித்த வேறொரு மீன் வியாபாரிக்கு அந்தப் பிளக்கைக் கொடுத்துவிட்டு வந்தாராம். மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போகுமுன் வாழைச்சேனைக் கடைத்தெருவிற் கடை திறக்கும்வரை காத்து நின்று, இன்னொன்று வாங்கிக்கொண்டே சென்றார். அன்று நல்ல மீனெல்லாம் கைமாறிவிட்டதாக என் தங்கை சொல்லி நொந்துகொண்டாள்.