தாய் எப்படியோ, கன்றும் அப்படியே

எங்கள் பகுதியில் ஒரு விவசாயி, மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு தோட்டத்திலிருந்து வாழைக்கன்று வாங்கி மூன்று ஏக்கரில் நட்டார். நாலாம் மாதம் என்னிடம் வந்து, "உரம் பத்தலையா சார், பயிர் கிளம்பவே மாட்டேங்குதே?" என்றார். போய்ப் பார்த்தேன். இலைகள் குறுகி, ஓரம் மஞ்சளாகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நின்றன. முடிக்கொத்து நோய். "நடும்போது கன்று நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

பயிர் வளர்கிறது என்றால் என்ன? செல் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. கல்லூரியில் வெங்காய வேரின் நுனியை நசுக்கிச் சாயமேற்றி, நுண்நோக்கியில் பார்த்திருக்கிறேன். வெங்காயத்தின் ஒரு செல்லில் 16 குரோமோசோம்கள் உண்டு. பயிரின் குணமெல்லாம் எழுதிவைத்த பத்திரம் அவைதான். செல் பிரிவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றும் தனக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. மூலமும் நகலும் ஒட்டினபடியே செல்லின் நடுவில் வரிசைகட்டி நிற்கும். பிறகு மெல்லிய இழைகள் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாக இழுத்துப் போகும். நடுவே சுவர் எழும்பும். இரண்டு செல்லுக்கும் அதே 16. இதற்கு மைட்டாசிஸ் என்று பெயர்.

வாழைக்கு வருவோம். நாம் பயிரிடும் பெரும்பாலான ரகங்களில் பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி, ஆக 33 குரோமோசோம். விதை உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றை எப்படிச் சரிபாதியாக்குவது? அதனால்தான் பழத்தில் விதை இல்லை. ஆனால் மைட்டாசிஸுக்கு ஜோடி தேவையில்லை. நகல் எடுத்தால் போதும். மண்ணுக்குள் கிழங்கின் மொட்டில் அந்த வேலை நடந்துதான் கன்று வருகிறது. ஆகவே கன்று தனிப்பிறவி அல்ல, தாயின் உடம்பே நீண்டு வந்தது. எப்போதாவது நகல் பிசகுவதும் உண்டு. குட்டை ரகங்கள் சில அப்படிக் கிடைத்தவைதான்.

முடிக்கொத்து வைரஸ் குரோமோசோமில் இல்லை, சாற்றில் ஓடுகிறது. ஆனாலும் தாயின் கிழங்கோடு ஒட்டி வளர்ந்த கன்றுக்குள் அந்தச் சாறு போகாமல் இருக்குமா? அறிகுறி தெரிய நாளாகும், அவ்வளவுதான்.

அதனால் கன்றைப் பார்த்து வாங்காதீர்கள், தாயைப் பாருங்கள். தார் போட்டு நிற்கும்போதே தோட்டத்துக்கு நேரில் போங்கள். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால் அந்தத் தோட்டமே வேண்டாம். ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டிக் கன்றாக எடுங்கள். திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயில்லை என்று நம்பிவிடக்கூடாது. அங்கேயும் நடப்பது இதே செல் பிரிதல்தான். தாய்ச்செடிக்கு நோய் இருந்தால் அது ஆயிரக்கணக்கான கன்றுகளில் வந்துவிடும். வைரஸ் பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள்.

வயலில் நோய் கண்டால், முதலில் அசுவினிக்கு மருந்தடியுங்கள். இல்லாவிட்டால் அது அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். பிறகு மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழியுங்கள். மேலே வெட்டிவிட்டுப் போனால், கிழங்கில் மிச்சமிருக்கிற மொட்டு மறுபடி அதே நோயோடு கன்று விடும்.