கைகோத்த எழுவர்

சிலப்பதிகாரத்து மாதவி அரங்கேற 7 ஆண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. ஆசான்மார் பலர் உடனிருந்தனர். ஆய்ச்சியர்க்கோ அவ்வாய்ப்பு இல்லை. குடத்துப் பால் உறையவில்லை. ஏற்றின் கண்கள் நீர் சொரிகின்றன. கேடு வருமென அஞ்சிய மாதரி, கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். மகளிர் எழுவர்க்கும் ஏழிசையின் பெயர்களை இடுகிறாள். அவள் பணி ஏறக்குறைய அவ்வளவே. குரலின் இருபுறமும் துத்தமும் தாரமும். இளியின் இருமருங்கும் உழையும் விளரியும். வட்டமே இசைநிரலாகிவிடுகிறது! கற்கடகக் கை கோத்தபின் ஆடலின் சீரை ஆராய்வோர் ஆடுவோரே. பாடவேண்டிய முல்லைப்பண்ணையும் குரல் என்பவளே தன் தோழியை நோக்கிச் சொல்கிறாள். ஒருத்தியின் அடி பிந்தினால் கோத்த கைவழியே மற்றை அறுவரும் உணர்வர், தட்டுக்கழி எதற்கு?

குரவை முடிகிறது. மாதரி நீராடச் செல்கிறாள். ஊரரவம் கேட்ட ஒருத்தி விரைந்து வருகிறாள். கண்ணகியிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.